பனித்தடத்தின் கதை – 9: மோந்தி கழற்றிக் கொடுத்த போல்ட்

சென்ற அத்தியாயத்தை 1952 ஓஸ்லோவில் நிறுத்தியிருந்தோம். நால்வரின் எடையைக் கூட்டினால் 470 கிலோவைத் தாண்டும் ஜெர்மானிய அணி, அந்தக் கனத்தின் பலத்தாலேயே தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. பன்னாட்டுச் சம்மேளனம் எடைக்கு வரம்பு விதித்ததையும் சொல்லியிருந்தேன். அந்த விதியோடு பாப்ஸ்லெட்டின் போக்கே மாறியது. பெருத்த உடம்புக்கு மதிப்புக் குறைந்தது. ஓடித் தள்ளும் கால்களும், வளைவுக்கு வளைவு பிசகாமல் வண்டியை இறக்கத் தெரிந்த கையும் தேவைப்பட்டன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அப்படிப்பட்ட கை யாருக்கு உண்டு என்று கேட்டிருந்தால், எல்லா நாட்டு ஓட்டுநர்களும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்: யூஜேனியோ மோந்தி.

இத்தாலிக்காரரான இவர் உலகப் பட்டங்களை ஒன்பது முறை வென்றவர். ஆனாலும் இன்று இவரை நினைக்கிறவர்கள், இவர் தோற்ற ஒரு பந்தயத்தையே முதலில் நினைக்கிறார்கள். இந்த வாரம் அந்தப் பந்தயத்தின் கதை.

பறக்கும் செந்தலையன்

மோந்தி 1928 ஜனவரியில் தொப்பியாக்கோ என்ற மலையூரில் பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய தெற்குத் திரோல் பகுதி அது. பனிச்சறுக்குதான் அவருடைய முதல் காதல். இத்தாலியின் முன்னணிச் சறுக்கு வீரராக வளர்ந்தவரின் செம்பட்டை முடியையும் வேகத்தையும் பார்த்து, விளையாட்டு எழுத்தாளர் ஜானி பிரேரா ‘பறக்கும் செந்தலையன்’ என்று பட்டம் சூட்டினார். பெயர் ஊரெங்கும் பரவிய வேளையில், 1951இல், பயிற்சியின்போது விழுந்து முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. சறுக்குக் கட்டைகளின் மேல் நின்று பந்தயம் ஓடும் வாழ்வு அத்தோடு முடிந்தது.

கால் போனாலும் வேகத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. உட்கார்ந்தபடியே மலையிலிருந்து இறங்க ஒரு வழி இருந்தது. கோர்த்தினா தாம்பெட்ஸோவில் 1920களிலிருந்தே ஒரு பாப்ஸ்லெட் தடம் உண்டு. மோந்தி அங்கே போய்ச் சேர்ந்தார்.

1956இல் குளிர்கால ஒலிம்பிக் அந்தக் கோர்த்தினாவுக்கே வந்தது. சொந்த மண், சொந்தத் தடம். இருவர் பந்தயத்தில் மோந்தி வெள்ளிதான் வென்றார். தங்கத்தைத் தட்டிச் சென்றதும் இத்தாலியரே: ஜெட் விமானியான லம்பெர்த்தோ தல்லா கோஸ்தா, பின்னால் ஜாக்கோமோ கோந்தி. தல்லா கோஸ்தா அதுவரை கோர்த்தினாவைத் தவிர வேறெந்தத் தடத்திலும் பந்தயம் ஓடியதில்லை. அந்த ஒரு தடத்தை மட்டும் உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவரிடம் மோந்தி தோற்றார். வித்தியாசம் ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். நால்வர் பந்தயத்திலும் அவருக்கு வெள்ளிதான். தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது.

அதற்குப் பிறகு மோந்தியைப் பிடிக்க ஆளில்லை. 1957 முதல் 1961 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இருவர் உலகப் பட்டம் அவருடையது. 1960இலும் 1961இலும் நால்வர் பட்டமும் சேர்ந்துகொண்டது. அப்படியானால் 1960 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் நிச்சயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட்டே கிடையாது.

போட்டி நடந்தது கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலியில். ஒன்பது நாடுகள் மட்டுமே பாப்ஸ்லெட்டுக்கு ஆள் அனுப்பும் என்று தெரிந்ததும், அதற்காகப் பெரும் பணம் கொட்டித் தடம் கட்ட முடியாது என்று அமைப்பாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். 1924 ஷமோனியில் தொடங்கிய குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றில் பாப்ஸ்லெட் இல்லாமல் நடந்தது அந்த ஒருமுறைதான். அதே ஆண்டு கோர்த்தினாவில் நடந்த உலகப் போட்டியில் இரு தங்கங்களையும் வென்று, தன் உச்சத்தை ஒலிம்பிக்குக்கு வெளியே காட்டினார் மோந்தி. அடுத்த ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு வயது 36.

பனியில்லாத இன்ஸ்பிரக்

1964 ஜனவரி 29 அன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் போட்டிகள் தொடங்கின. ஆல்ப்ஸ் மலையின் மடியில் உள்ள ஊர். ஆனால் அந்த ஆண்டு பனியே விழவில்லை. ஆஸ்திரிய ராணுவத்தை இறக்கினார்கள். சறுக்குச் சரிவுகளுக்காக 40,000 கன மீட்டர் பனியை வீரர்கள் சுமந்துவந்து கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். பாப்ஸ்லெட், லூஜ் தடங்களுக்காக 20,000 பனிக்கட்டிப் பாளங்களை மலைமேலிருந்து இறக்கினார்கள். லூஜ் அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் அறிமுகம். போட்டி தொடங்குமுன்பே பயிற்சியில் இரண்டு உயிர்கள் போயின: ஆஸ்திரேலியச் சறுக்கு வீரர் ராஸ் மில்ன், பிரிட்டனுக்காக லூஜ் ஓட வந்த கசிமியெர்ஸ் கே-ஸ்கிர்ஸிபெஸ்கி. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றதும் இங்கேதான். ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற ஒரே வீரர் இந்தியாவுக்காகச் சறுக்குப் போட்டியில் இறங்கினார்.

பாப்ஸ்லெட் தடம் இருந்தது ஊருக்கு மேலேயுள்ள இக்ல்ஸ் கிராமத்தில். இருவர் பந்தயம் எப்படி நடக்கும் என்று ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். தடத்தின் தலைப்பில் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, வேகம் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். முன்னால் உட்காருபவர் ஓட்டுநர். திருப்புவது அவர் பொறுப்பு. பின்னால் இருப்பவர் பிரேக்காளர். முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை அவர் பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டால் அதன் பற்கள் தடத்தையே கீறிவிடும். தள்ளிவிட்ட பிறகு தலையைக் குனிந்து, உடம்பைக் குறுக்கி, வளைவுகளில் ஓட்டுநரோடு சேர்ந்து சாய்வதுதான் அவருடைய வேலை. இரண்டு நாட்களில் நான்கு ஓட்டங்கள். நான்கின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்குத் தங்கம்.

ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் தடத்தில் இருக்கும். பக்கத்தில் எதிராளி இல்லை, முந்துவதும் மறிப்பதும் இல்லை. கடிகாரத்தோடுதான் போட்டி. ஆனால் எல்லாருக்கும் ஒரே தடம் கிடைப்பதில்லை. முன்னால் போன வண்டிகளின் எஃகுச் சட்டங்கள் பனியில் கோடு கிழித்திருக்கும். வெயில் ஏறினால் மேற்பரப்பு இளகும். எத்தனையாவதாக இறங்குகிறோம் என்பதே சில நேரங்களில் பதக்கத்தைத் தீர்மானித்துவிடும். அந்தக் காலத்து இயற்கைப் பனித்தடங்களில் அதிர்ஷ்டத்துக்குக் கிடைத்த பங்கு சிறியதல்ல.

கண்ணாடி போட்ட ஓட்டுநர்

பிரிட்டனின் முதல் வண்டியை ஓட்டியவர் டோனி நாஷ். மூக்குக்கண்ணாடி அணிந்தவர், குடும்பம் பொறியியல் தொழிலில் இருந்தது. பின்னால் ராபின் டிக்சன், ராணுவ அதிகாரி, பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் கிளென்டோரன் பிரபுவாகப் பிரிட்டனின் மேலவையில் அமர்ந்தவர். இவர்களுடைய நாட்டில் பாப்ஸ்லெட் தடம் ஒன்றுகூட இல்லை. பயிற்சி வேண்டுமென்றால் ஆல்ப்ஸுக்குத்தான் வர வேண்டும். இருந்தும் 1963இல் இதே இன்ஸ்பிரக்கில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார்கள். தங்கம் வென்றவர்கள் மோந்தியும் அவருடைய பிரேக்காளர் செர்ஜோ சியோர்பயெஸும். இத்தாலியின் இன்னொரு வண்டியில் செர்ஜோ ஸர்தீனி, ரொமானோ பொனாகூரா. இந்த மூன்று வண்டிகளுக்குள்தான் போட்டி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதல் ஓட்டம் முடிந்ததும் பிரிட்டிஷ் வண்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். பின் அச்சைப் பிணைத்திருந்த போல்ட் முறிந்திருந்தது. மாற்றுப் போல்ட் கைவசம் இல்லை. அடுத்த ஓட்டத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சு ஆடும் வண்டியில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். இறங்காவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்தது.

செய்தி மோந்தியின் காதுக்கு எட்டியது. தன் வண்டியில் இருந்த அதே போல்ட்டைக் கழற்றி அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். போல்ட் போய்ச் சேர்ந்தது, பொருத்தப்பட்டது, நாஷும் டிக்சனும் இரண்டாம் ஓட்டத்தில் இறங்கினார்கள்.

பிப்ரவரி 1 அன்று நான்கு ஓட்டங்களும் முடிந்தன. நாஷ், டிக்சன்: 4 நிமிடம் 21.90 விநாடி. ஸர்தீனி, பொனாகூரா: 4 நிமிடம் 22.02 விநாடி. மோந்தி, சியோர்பயெஸ்: 4 நிமிடம் 22.63 விநாடி. நான்கு நிமிடத்துக்கும் மேலான பயணத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே ஒரு விநாடியில் நூறில் 12 பங்குதான் வித்தியாசம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது வெறும் 3 மீட்டர். முந்தைய ஆண்டின் தங்கமும் வெண்கலமும் அப்படியே இடம் மாறின.

1952க்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது. பாப்ஸ்லெட்டில் பிரிட்டனுக்கு இன்றுவரை அந்த ஒரு தங்கம்தான்.

இத்தாலியில் சும்மா இருப்பார்களா? சொந்த நாட்டுக்கு வந்திருக்க வேண்டிய தங்கத்தை ஒரு போல்ட்டோடு சேர்த்து அந்நியருக்குத் தாரைவார்த்துவிட்டார் என்று பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. மோந்தி ஒரே வரியில் பதில் சொன்னார்: நாஷ் வென்றது நான் கொடுத்த போல்ட்டினால் அல்ல; எல்லாரையும்விட வேகமாக ஓடியதால்.

இரண்டாம் உதவி

கதை இத்தோடு முடியவில்லை. சில நாட்கள் கழித்து நால்வர் பந்தயம். கனடா முதன்முறையாக ஒலிம்பிக் பாப்ஸ்லெட்டுக்கு வண்டி அனுப்பியிருந்தது. ஓட்டுநர் விக் எமெரி. அவருடைய அண்ணன் ஜான் எமெரி, பீட்டர் கிர்பி, டக்ளஸ் அனாகின் ஆகியோர் உடன் வந்தவர்கள். கனடாவிலும் அப்போது தடம் கிடையாது. அமெரிக்காவின் லேக் பிளாசிடுக்குப் போய்ப் பழகினார்கள். பனித்தடம் கிடைக்காத நாட்களில் உடற்பயிற்சிக் கூடத்தில் தள்ளவும் தாவவும் ஒத்திகை பார்த்தார்கள். இவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை.

முதல் ஓட்டத்திலேயே தட சாதனையை முறியடித்தார்கள். ஆனால் வண்டி சுவரில் மோதியதில் அச்சு இறுகிச் சிக்கிக்கொண்டது. மறுபடி இறங்க முடியாத நிலை. எமெரியும் தோழர்களும் மேலே போய்ச் சேர்ந்தபோது, மோந்தியும் இத்தாலிய மெக்கானிக்குகளும் கனடா வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி உரிய நேரத்தில் தயாரானது. கனடா 4 நிமிடம் 14.46 விநாடியில் தங்கம் வென்றது. இரண்டாவது வந்த ஆஸ்திரியா ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கியது. வெண்கலம் யாருக்கு? மோந்தி ஓட்டிய இத்தாலிய வண்டிக்கு.

ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு போட்டி அணிகளின் வண்டிகளைத் தடத்துக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டுமே தங்கம் வென்றன. அவருக்குக் கிடைத்தவை இரண்டு வெண்கலம். விளையாட்டில் நேர்மைக்காகப் பியர் தெ குபர்தென் பெயரில் நிறுவப்பட்ட பன்னாட்டு விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

ஏன் கொடுத்தார்?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மோந்தியைத் தியாகியாக்கி மாலை போட்டுவிடுகிறார்கள். அது அவரைச் சரியாகப் புரிந்துகொண்டதாகாது. மோந்தி கொடுத்தது போல்ட்டை, பந்தயத்தை அல்ல. தன் நான்கு ஓட்டங்களிலும் வெல்லத்தான் இறங்கினார். 1956இல் கைநழுவிய தங்கத்துக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர் அவர்.

இந்த ஆட்டத்தின் உள்ளே இருந்து பார்த்தால் அவருடைய கணக்கு விளங்கும். எதிராளி வராவிட்டால் தன் நேரம் ஒரு நூறில் பங்கு விநாடிகூடக் குறையாது. பட்டியலில் ஒரு பெயர் குறையும், அவ்வளவுதான். வேகமான ஓட்டுநர் யார் என்ற கேள்வி அப்போதும் பதிலில்லாமலே கிடக்கும். பனி, வெயில், இறங்கும் வரிசை என்று ஏற்கெனவே ஆயிரம் தற்செயல்கள் புகுந்து விளையாடும் பந்தயத்தில், முறிந்த போல்ட்டையும் இன்னொரு தற்செயலாகச் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. அது மட்டும் மனிதன் கையால் சரிசெய்யக்கூடியதாக இருந்தது, சரிசெய்தார்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பாப்ஸ்லெட் உலகம் மிகச் சிறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய தடங்கள். ஆண்டுதோறும் அதே முகங்கள். சாவும் எல்லாருக்கும் பழக்கப்பட்டிருந்தது. 1948 ஒலிம்பிக் சாம்பியன் ஃபெலிக்ஸ் எண்ட்ரிச், 1953இல் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் உலகப் பட்டம் வென்ற ஒரு வாரத்துக்குள் அதே தடத்தில் உயிரிழந்தார். இன்ஸ்பிரக்கில் வெள்ளி வென்ற ஸர்தீனி, பிறகு கனடாவில் குடியேறி, 1966 பிப்ரவரியில் லேக் பிளாசிடில் வண்டி கவிழ்ந்து இறந்தார். அதே ஆண்டு கோர்த்தினாவில் மேற்கு ஜெர்மனியின் டோனி பென்ஸ்பெர்கர் இறந்ததால் உலக நால்வர் பந்தயமே கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவருக்கு அடுத்தவன் வண்டியில் முறிந்த போல்ட் நல்ல சகுனமாகத் தெரியாது. நாளை அது தன் வண்டியாகவும் இருக்கலாம் என்றுதான் தெரியும்.

ஒரே நேரம், ஒரே தங்கம்

நாஷும் டிக்சனும் தற்செயலாக வென்றவர்கள் அல்லர் என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. 1965இல் செயிண்ட் மோரிட்ஸில் உலகப் பட்டத்தையும் வென்றார்கள். அந்தத் தடத்தின் ஒரு வளைவுக்கு இன்றும் அவர்கள் இருவரின் பெயர்தான். 1966இல் பட்டம் மறுபடி மோந்திக்கு.

ஒலிம்பிக் தங்கம் மட்டும் பாக்கி. 1968 கிரெனோபிள் போட்டிகளுக்கு வந்தபோது அவருக்கு வயது 40. அல்ப் தூயெஸில் கட்டிய தடம் வெயிலில் உருகித் தொல்லை தந்தது; சூரியன் ஏறுமுன்பே ஓட்டங்களை முடிக்க வேண்டியிருந்தது. இருவர் பந்தயத்தில் மோந்தியும் லூசியானோ தெ பவோலிஸும் மேற்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஃப்ளோத், பெப்பி பாடர் ஜோடியோடு முட்டிமோதினார்கள். கடைசி ஓட்டத்தில் மோந்தி தட சாதனை படைத்தார். நான்கு ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு வண்டிகளுக்கும் 4 நிமிடம் 41.54 விநாடி. நூறில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை.

சமநிலை வந்தால், தனி ஓட்டங்களில் எவருடையது மிக வேகமோ அவருக்கே தங்கம் என்பது அன்றைய விதி. மோந்தியின் கடைசி ஓட்டம் ஃப்ளோத்தின் சிறந்த ஓட்டத்தைவிட விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேகமானது. தங்கம் மோந்திக்கு வந்தது. வேகமாக ஓடியவரே வென்றவர் என்று 1964இல் அவர் நாஷுக்காகச் சொன்ன நியாயம், நான்கு ஆண்டுகள் கழித்து விதிப்புத்தகத்தின் வழியாக அவருக்கே பயன்பட்டது.

நால்வர் பந்தயத்தில் பனி இளகியதால் நான்கு ஓட்டங்களுக்குப் பதில் இரண்டே ஓட்டங்கள் நடந்தன. மோந்தியின் வண்டி ஆஸ்திரியாவை நூறில் 9 பங்கு விநாடியில் வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் எட்டாமல் இருந்தது ஒரே வாரத்தில் இரண்டாக வந்தது. மோந்தி அதோடு பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்தச் சமநிலை விதி பிறகு நீங்கிவிட்டது. 1998 நகானோவில் கனடாவும் இத்தாலியும் இருவர் பந்தயத்தில் ஒரே நேரத்தில் முடித்தபோது இரண்டு தங்கம் கொடுத்தார்கள். 2018 பியோங்சாங்கில் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் அப்படியே. இன்றைய விதி 1968இல் இருந்திருந்தால் ஃப்ளோத்தும் பாடரும் தங்கத்தோடு ஊர் திரும்பியிருப்பார்கள்.

மோந்தி கோர்த்தினாவிலேயே வாழ்ந்தார். முதுமையில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 2003இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கோர்த்தினாத் தடத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். 2008இல் அது மூடப்பட்டது. 2026 மிலான்–கோர்த்தினா ஒலிம்பிக்குக்காக அதே இடத்தில் புதிய தடம் எழுந்தபோது, அதற்கும் அவர் பெயரே.

மோந்தி ஓய்வு பெற்ற காலத்தையொட்டி, பவேரியாவின் கோனிக்ஸேயில் காங்கிரீட்டுக்குள் குளிர்பதனக் குழாய் ஓடும் செயற்கைப் பனித்தடம் எழுந்தது. வெயிலைப் பற்றிய கவலை குறைந்தது. இறங்கும் வரிசையின் ஆதிக்கமும் தளர்ந்தது. அதிர்ஷ்டம் விட்டுச்சென்ற இடத்தை ஆய்வுக்கூடங்கள் நிரப்பத் தொடங்கின. ஈட்டி எறிந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்து வந்து வண்டியில் உட்காரவைத்த கிழக்கு ஜெர்மனி, 1976இல் மறுபடி இன்ஸ்பிரக்கில் நடந்த ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட்டின் இரு தங்கங்களையும் எப்படி அள்ளியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)